கர்லாக்கட்டையும் வாக்குரிமையும்

பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தைச் சரித்திர வகுப்பில் படித்தபோது பாங்கர்ஸ்ட் அம்மையார் வந்தார்; சிறையில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு விழவும் எழவும் கற்றுக்கொடுத்த உடற்பயிற்சி ஆசிரியை வரவில்லை. நூற்றாண்டு மலர்களிலும் இதே கதைதான். அதிபர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். ட்ரில் ரீச்சர் குழுப்படத்தின் ஓரத்தில் நிற்பார். ஆகவே இந்த மலரில் ஓரிடத்தை அப்படியொரு ரீச்சருக்குக் கேட்டு வாங்கினேன்.

எடித் கரூட் 1872இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்து வேல்ஸில் வளர்ந்தவர். உயரம் நாலடி பதினொரு அங்குலம். பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கற்பிப்பதே தொழில். கணவர் வில்லியமும் அதே தொழில். ஜப்பானிய ஜூஜுட்சு லண்டனுக்கு வந்த புதிதில் இருவரும் அதைக் கற்றார்கள். எதிராளியின் பலத்தையும் பாரத்தையும் அவருக்கு எதிராகவே திருப்பி, நிலைகுலைத்து வீழ்த்தும் வித்தை அது. இவர்களின் குரு சடகாசு உயெனிஷி 1908இல் லண்டனை விட்டுப் போனபோது பள்ளியை இவர்களே பொறுப்பெடுத்தார்கள். பெண்கள், பிள்ளைகள் வகுப்பு எடித்துடையது.

அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் படத்தில் நடித்துவிட்டார். வழிப்பறிக்காரரை ஒரு பெண் ஜூஜுட்சுவால் தூக்கியெறியும் குறும்படம் அது. 1911இல் மேடையில், குடித்துவிட்டு அடிக்க வரும் புருஷனை மடக்கும் மனைவியாக வந்தார். இன்றைக்கு ஸ்டண்ட் என்போமே, அதுதான். சனம் சிரித்துப் பார்த்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு வாதம் இருந்தது. சட்டத்தின் ஆதாரம் உடற்பலம், பெண்ணுக்கு அது இல்லை, ஆகவே வாக்கும் வேண்டாம் என்று அன்றைய பெரிய மனிதர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். தன்னைவிடப் பாரமான ஆளை இந்தச் சின்ன மனுஷி பாயில் மல்லாத்தியபோது அந்தப் பேச்சும் கூடவே விழுந்தது.

1910 நவம்பர் 18ஆம் திகதி சுமார் 300 பெண்கள் பாராளுமன்றத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். முன்வரிசையில் பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோபியாவும் நடந்தார். பொலிஸார் மணிக்கணக்காக அவர்களை அடித்தார்கள், தள்ளினார்கள். உடம்பில் கைவைத்துக் கேவலப்படுத்தினார்கள் என்று பலர் வாக்குமூலம் கொடுத்தார்கள். அந்த நாளைக் கறுப்பு வெள்ளி என்கிறார்கள். தற்காப்பு வகுப்பு அதற்குப் பிறகு பொழுதுபோக்காக இருக்கவில்லை.

1913இல் ஒரு சட்டம் வந்தது. உண்ணாவிரதத்தால் மெலிந்த கைதியை வெளியே விட்டு, உடம்பு தேறியதும் திரும்பப் பிடிப்பது. பூனையும் எலியும் சட்டம் என்று சனமே பெயர் வைத்தது. பாங்கர்ஸ்ட் அம்மையாரைப் பிடிபடாமல் காக்க ஏறத்தாழ 30 பெண்கள் மெய்க்காவலராகத் திரண்டார்கள். பயிற்சி கொடுத்தவர் கரூட். சட்டைக்குள் அவர்கள் ஒளித்துவைத்த ஆயுதம் கர்லாக்கட்டை! இந்தியாவில் வெள்ளைக்காரப் பட்டாளம் கண்டு கொண்டுபோன நம்மவர் கட்டைதான் அங்கே பெண்பிள்ளைகளின் ட்ரில் சாமானாகி, கடைசியில் இந்த வேலைக்கும் வந்தது. 1914 மார்ச்சில் கிளாஸ்கோ மண்டபமொன்றில் மேடையைச் சுற்றிப் பூச்சரம் கட்டினார்கள், பூவுக்குள்ளே முட்கம்பி. பொலிஸார் பாய்ந்து ஏறியபோது கைகளில் முள் கிழித்தது, தலைக்கு மேலே கட்டை சுழன்றது. அம்மையாரைக் கைதுசெய்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் முன்னால், சுலபமாக அல்ல.

இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். கடைக் கண்ணாடிகளை உடைத்துவிட்டு ஓடிவரும் பெண்கள் கரூட்டின் பயிற்சிக்கூடத்துக்குள் புகுந்து, பாய்க்குக் கீழே பலகையைத் தூக்கிக் கற்களையும் கட்டைகளையும் போட்டு மூடுவார்களாம். பொலிஸ் வந்து பார்த்தால் ஜூஜுட்சு வகுப்பு நடந்துகொண்டிருக்கும். முதுமையில் அவரே சொன்னது இது.

பிரிட்டனில் ஆணுக்குச் சமமான வாக்கு பெண்ணுக்கு 1928இல்தான் கிடைத்தது. இலங்கையில் 1927இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் டொனமூர் ஆணைக்குழுவின் முன் பேசியது. 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே கொழும்பு வடக்கில், நம் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில், நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

கரூட்டின் பாடத்தில் மற்றப் பாதி மிச்சமாகக் கிடக்கிறது. இலங்கையில் பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொல்லைக்கு உள்ளான பெண்கள் 90 சதவீதம் என்று ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு கண்டது. தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு 1995 முதல் ஐந்தாண்டுவரை சிறை என்கிறது. கல்கிசையிலிருந்து வெள்ளவத்தைக்கு நெருக்கும் பஸ்ஸில் நிற்கும் பதினாலு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பிரிவு தெரியாது. காலை எப்படி ஊன்றி நிற்பது, குரலை எப்படி உயர்த்துவது, யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் பி.ரி. பாடத்தில் சொல்லித் தரக்கூடியவை. வலைப்பந்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு துண்டு போதும்.

கரூட் 1971இல், 99 வயதில் காலமானார். லண்டனில் இருக்கும் நம்மவர்கள் இஸ்லிங்டன் பக்கம் போனால் தோர்ன்ஹில் சதுக்கத்தில் அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கலாம். 2012இல் முகப்பில் ஒரு பச்சைப் பலகை வைத்தார்கள்.