மிமேசிஸ்

மிமேசிஸ் என்பது ஒன்றைப் போல இன்னொன்றைச் செய்து காட்டுவதைக் குறிக்கும் பண்டைக் கிரேக்கச் சொல். தமிழ்த் திறனாய்வில் 'போலச்செய்தல்' என வழங்குகிறது.

இதன் அடி 'மிமோஸ்'. நடிகனுக்கும் அவன் நடித்த குறுநாடகத்துக்கும் அதுவே பெயர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிரக்கூசு நகரத்து சோஃப்ரான், சாதாரண ஆண்கள், பெண்களின் பேச்சை அப்படியே உரைநடையில் வார்த்து இத்தகைய நாடகங்களை எழுதினார். இன்று 'மைம்' என்றால் வாய்திறவாத நடிப்பு. பழைய மிமோஸுக்குப் பேச்சுதான் உயிர். பேசாமல் ஆடியவன் 'பாண்டோமிமோஸ்', அதாவது எல்லாவற்றையும் போலச்செய்பவன்.

சொல்லைத் தத்துவத்துக்குள் இழுத்தவர் பிளேட்டோ. 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் மூன்று கட்டில்களைக் காட்டுகிறார்: கடவுள் படைத்த கட்டில் என்னும் கருத்து, தச்சன் செய்த கட்டில், ஓவியன் தீட்டிய கட்டில். மூன்றாவது நகலின் நகல். உண்மைக்கு வெகு தூரம். கவிஞனும் ஓவியனைப் போன்றவனே என்பதால் அவனுக்கு நல்ல நகரில் இடமில்லை. இப்படித் தீர்ப்பளித்தவரின் தலையணைக்கடியில் சோஃப்ரானின் நாடகச் சுவடிகள் கிடந்ததாக, தத்துவஞானிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜீனஸ் லாயர்டியஸ் எழுதிவைத்திருக்கிறார். கதையாகவே இருந்தாலும் பொருத்தமான கதை.

மாணவர் அரிஸ்டாட்டில் உடன்படவில்லை. குழந்தை முதலில் கற்பதே போலச்செய்துதான் என்கிறது அவருடைய 'கவிதையியல்'. நேரில் கண்டால் முகம் சுளிக்கவைக்கும் விலங்கையும் பிணத்தையும்கூட ஓவியத்தில் ரசிக்கிறோம். இன்னது இது என்று அடையாளம் காண்பதில் கிடைக்கும் இன்பம் அது.

ஆசிரியருக்கும் மாணவருக்குமான இந்த வழக்கைத் தமிழ் ஒரே வேரில் அடக்கியிருக்கிறது. 'போல்' உவமையும் தரும், 'போலி'யும் தரும். கடைத்தெருவில் போலி என்றால் ஏமாற்று. இலக்கணத்தில் பந்தல் பந்தராவதும் போலிதான், அதில் குற்றமில்லை.

ரோமானியர் இச்சொல்லை 'இமிடாட்டியோ' என்று பெயர்த்து, முன்னோர் நூல்களைப் பின்பற்றி எழுதுவது என்ற பொருளையும் அதில் ஏற்றினர். இலக்கிய அறிஞர் எரிக் அவர்பாக், நாஜி ஜெர்மனியில் வேலை பறிபோய் இஸ்தான்புல்லில் தங்கியிருந்தபோது எழுதிய நூலுக்கு 'மிமேசிஸ்' என்றே பெயரிட்டார். அது 1946இல் வெளிவந்தது.

குரல் மாற்றிப் பேசும் 'மிமிக்ரி'யும் இதே குடும்பம். அமேசான் காடுகளில் பதினோரு ஆண்டுகள் அலைந்த ஹென்றி பேட்ஸ், பறவைகள் தீண்டாத வண்ணத்துப்பூச்சிகளின் சாயலை வேறு பூச்சிகள் பூண்டிருப்பதை 1862இல் விளக்கியபோது இதே சொல்லைக் கையாண்டார். 1976இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ், போலச்செய்வதால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் கருத்துக்கு 'மிமீம்' என்று பெயர் உருவாக்கி, 'ஜீன்' என்பதோடு ஒலி இயையும்படி 'மீம்' எனச் சுருக்கினார்.

நம் வேலியோரத்துத் தொட்டாற்சிணுங்கியும் இந்த வரிசையில் வரும். தொட்டதும் உயிர்ப்பிராணி போலச் சுருங்குவதால், அதன் தாவரவியல் பெயர் 'மிமோசா'.