பரத்பூர் நீர்நிலையும் அன்னமும்: வேட்டைக்களம் காட்சிக்களமான வரலாறு

இலக்கியங்களில் பயின்றுவரும் அன்னம் எப்பறவை என்பது நெடுங்கால வினாவாகும். ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது ஐரோப்பிய வெள்ளன்னமாகவே காட்டப்பெறுகிறது. ஆயின் அவ்வகை அன்னம் இந்தியாவின் வடமேற்குப் பகுதிக்கு அரிதாக வந்துபோகும் பறவையே. வோகல் 1962இல் வெளிவந்த தம் நூலில், வடமொழி இலக்கியத்திலும் சிற்பத்திலும் வரும் அம்சம் வாத்தினப் பறவையே என நிறுவினார். இமயத்தைக் கடந்து வலசை வரும் வரித்தலை வாத்து இவ்வகையில் கருதத்தக்கது. அது குளிர்காலத்தில் தங்கும் இடங்களுள் இராசத்தானத்துப் பரத்பூரும் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளமும் அடங்கும். பறவை காணல் என்னும் வழக்கம் பரத்பூரில் உருப்பெற்ற முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பரத்பூர் நீர்நிலை இயற்கையாக அமைந்ததன்று. 18ஆம் நூற்றாண்டில் சூரஜ்மல் காலத்தில் எழுந்த அஜான் அணையால் நீர் தேங்கிய தாழ்நிலம், பின்னர் அரச குடும்பத்தின் வாத்து வேட்டைக்களமாகத் திருத்தப்பெற்றது. அங்குள்ள சிவன் கோயிலின் பெயரால் அது கேவலாதேவ் என வழங்குகிறது. கோயிலருகே நிற்கும் கற்பலகைகள் வேட்டை நாளையும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் வீழ்ந்த பறவைகளின் தொகையையும் தெரிவிக்கின்றன. 1938 நவம்பர் 12ஆம் நாள் அரசப் பிரதிநிதி லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அரச குடும்பத்தின் வேட்டையுரிமை 1972 வரை நீடித்தது.

பின்னர்க் காணுதல் வேட்டையின் இடத்தைப் பெற்றது. இந்நீர்நிலை 1981இல் ராம்சர் பட்டியலிலும் 1985இல் உலக மரபிடங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆயினும் இம்மாற்றத்தின் சுமை சுற்றுப்புறச் சிற்றூரார்மீதே விழுந்தது. 1982 நவம்பரில் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. அதனை எதிர்த்தோர்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் ஊரார் சிலர் உயிரிழந்தனர். தடைக்குப் பிறகு நீர்ப்புல் மிகுந்து திறந்த நீர்ப்பரப்பை மூடியது. புல்லைக் கட்டுப்படுத்தி வந்தவை எருமைகளே என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் 1990 வரை நிகழ்த்திய ஆய்வு உணர்த்தியது. பறவைகளைக் காக்க விதித்த தடையே அவற்றின் வாழிடத்தைச் சுருக்கியது எனலாம்.

இவ்வரலாறு இலக்கிய ஆய்வாளர்க்கும் பயன் தருவதாகும். புறநானூற்று 67ஆம் பாடலில் பிசிராந்தையார் விளிக்கும் அன்னம் குமரித்துறையில் அயிரை மேய்ந்து வடமலை நோக்கிப் பறக்கிறது. அத்திசை வரித்தலை வாத்தின் திரும்பு வலசைக்குப் பொருந்துகிறது. உணவோ பொருந்தவில்லை, அவ்வாத்து பெரிதும் புல்லும் தானியமும் உண்பது. ஆகவே எல்லா இடத்தும் அன்னத்தை ஒரே இனமாகக் கொள்ளுதல் ஏற்புடையதன்று. பாடல்தோறும் வாழிடம், உணவு, வலசைத் திசை ஆகியவற்றை ஒப்பிட்டே முடிவு கூற வேண்டும்.

கற்பலகை வீழ்ந்த பறவைகளை எண்ணியது. ஆய்வாளர் உயிருள்ள பறவைகளை எண்ணினர். நீர்க்கரையில் மாடு மேய்த்தோரின் பட்டறிவோ தடை விதிக்கப்பட்டபோது கேட்கப்படவில்லை. சங்கப் புலவரின் பறவையறிவும் இத்தகைய கரைவாழ் மக்களின் அறிவிலிருந்து கிளைத்ததாதல் கூடும். எனவே இலக்கியப் பறவைகளை இனங்காண முயல்வோர், நூற்சான்றுடன் நீர்க்கரை மக்களின் வழக்காறுகளையும் தொகுத்தல் இன்றியமையாததாகும்.