அயர்லாந்தின் இரு விஸ்கிகள்: ஒரு வரலாற்று நோக்கு

எம் பள்ளியில் பயின்று இன்று நகரத்தில் அலுவல் பார்க்கும் மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வினா விடுத்தார். பணி ஓய்வு பெறும் தம் மேலாளருக்கு அயர்லாந்து விஸ்கி ஒரு புட்டி பரிசளிக்க எண்ணியுள்ளார். ஜேம்சன், புஷ்மில்ஸ் ஆகிய இரண்டும் அவர் கைக்கு எட்டும் விலையின. இவற்றுள் எதை வாங்குவது என்பதே வினா. மது அருந்தாத தலைமையாசிரியனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று அன்பர்கள் நகைக்கலாம். ஆனால் அவர் மேலும் ஒன்று சொன்னார்: “ஐயா, ஒன்றில் 1608 என்றும் மற்றொன்றில் 1780 என்றும் போட்டிருக்கிறது. மூத்ததுதானே சிறந்தது?” ஆண்டைக் கண்டால் ஆராயாமல் ஏற்காதே என்று வகுப்பிலே அவருக்குக் கற்பித்தவன் யான். ஆகலின் விடை கூறும் கடமையும் எனதாயிற்று.

முதற்கண் அவ்விரு ஆண்டுகளையும் நோக்குவோம். 1608 இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் சர் தாமஸ் பிலிப்ஸ் என்பவருக்கு, அயர்லாந்தின் வடபகுதியில் மது வடிக்கும் உரிமை வழங்கினார். அவ்வுரிமை ஒரு வட்டாரத்துக்கு அளிக்கப்பட்டது, இன்றைய நிறுவனத்துக்கன்று. புஷ்மில்ஸ் நிறுவனம் பதிவு பெற்றது 1784 இல். இடைவெளி 176 ஆண்டுகள்! இனி ஜேம்சன் சுட்டும் 1780, டப்ளின் நகரின் போ தெருவில் இருந்த வடிசாலையைச் சேர்ந்தது. அவ்வடிசாலை 1971 இல் மூடப்பட்டது. 1975 முதல் ஜேம்சன் வடிக்கப்படுவது தெற்கே கார்க் மாவட்டத்து மிடில்டனில். எனவே புட்டியிலுள்ள ஆண்டு பொய்யன்று. ஆயினும் உள்ளிருக்கும் மதுவின் பிறப்புச் சான்றிதழும் அன்று.

ஜேம்சன் கத்தோலிக்கர் மது, புஷ்மில்ஸ் புரொட்டஸ்டண்டினர் மது என்றொரு பேச்சும் உலவுகிறது. ஜான் ஜேம்சன் ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய புரொட்டஸ்டண்டினர். 1972 முதல் 2005 வரை இரண்டு மதுவும் ஒரே நிறுவனத்துக்கு உடைமையாயிருந்தன. சமயப் பூசலைப் புட்டிக்குள் அடைத்தவர் பிற்காலத்தவரே.

அங்ஙனமாயின் இரண்டுக்கும் மெய்யான வேறுபாடு யாது? அதைத் தோற்றுவித்தது வரி. 1785 இல் முளைகட்டிய தானியத்தின்மீது வரி விதிக்கப்பட்டது. வரிச்சுமையைக் குறைக்க விரும்பிய வடிப்போர், முளைகட்டிய வாற்கோதுமையோடு முளைகட்டாத வாற்கோதுமையையும் கலந்து செம்பு வாலையில் வடித்தனர். சிக்கனத்துக்காகச் செய்த அக்கலவையே பின்னர் டப்ளினின் தனிச்சுவை எனப் புகழ்பெற்றது. ஜேம்சனின் சுவைக்கு இன்றும் அடிப்படை அதுவே. புஷ்மில்ஸோ முளைகட்டிய வாற்கோதுமையை மட்டுமே தன் வாலையில் வடிக்கிறது. இரண்டும் மும்முறை வடிக்கப்படுகின்றன.

இனி, இவை மலிவானது எங்ஙனம் என்பதைக் காண்போம். ஈனியஸ் காஃபி என்பார் அயர்லாந்துக் கலால் துறையில் தலைமைக் கண்காணிப்பாளராயிருந்தவர். அவர் 1830 இல் தூண் வடிவான ஒரு வாலைக்குக் காப்புரிமை பெற்றார். பழைய செம்பு வாலையை ஒவ்வொரு முறையும் நிரப்பிக் காய்ச்சி ஒழிக்க வேண்டும். காஃபியின் வாலையோ இடையறாது வடிக்கும். செலவு குறைவு, மணமும் சுவையும் அதற்கேற்பக் குறைவு. டப்ளினின் பெரிய வடிசாலையார் அதைத் தீண்ட மறுத்தனர். ஸ்காட்லாந்தினர் ஏற்றுக்கொண்டு, தம் பழைய விஸ்கியோடு கலந்து விற்றுச் செழித்தனர். சினங்கொண்ட டப்ளின் நிறுவனங்கள் நான்கு, ஜேம்சனும் அவற்றுள் ஒன்று, 1878 இல் ‘விஸ்கியைப் பற்றிய உண்மைகள்’ என்றொரு நூலையே வெளியிட்டுத் தூண் வாலைச் சரக்கு விஸ்கியே அன்று என வாதிட்டன. ஆனால் 1908 இல் அமைந்த அரச ஆணைக்குழு, அதுவும் விஸ்கியே என்று 1909 இல் முடிவு கூறிற்று.

அதன்பின் அடிமேல் அடி விழுந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. 1932 முதல் 1938 வரை பிரிட்டனோடு வாணிகப் போர். எஞ்சிய நிறுவனங்களுள் ஜேம்சன் உள்ளிட்ட மூன்று 1966 இல் ஒன்றாயின. 1972 இல் புஷ்மில்ஸும் அவற்றோடு சேர்ந்தது. இன்று ஜேம்சன் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் கையிலும் புஷ்மில்ஸ் ஒரு மெக்சிக்கோ நிறுவனத்தின் கையிலும் உள்ளன. நம் மாணவர் கண்ட மலிவான இரு புட்டிகளிலும் தூண் வாலையில் வடித்த தானிய விஸ்கி கலந்திருக்கிறது. முன்னோர் நூல் எழுதி மறுத்ததை ஜேம்சன் இன்று தன் பெயராலேயே விற்கிறது.

ஆகவே மாணவருக்கு எழுதினேன்: “மூப்பு நோக்கி வாங்காதே. காரச் சுவை நாடுவோர் ஜேம்சனையும், முளைத்தானியத்தின் இன்சுவை நாடுவோர் புஷ்மில்ஸையும் விரும்புவதாக அருந்துவோர் கூறுவர். விலையால் ஒன்று உயர்ந்ததன்று.”

எழுதி முடித்தபின் மடல் மேசைமேல் இரண்டு நாள் கிடந்தது. மது மலிவானதன் கதையில் மற்றொரு பக்கமும் உண்டு. அதே அயர்லாந்தில், 1838 இல், கார்க் நகரத்துப் பாதிரியார் தியோபால்டு மாத்யூ மதுவொழிப்பு இயக்கம் தொடங்கினார். ஏழை எளியோர் பெருந்திரளாக வந்து சூளுரைத்தனர். அவர்கள் ஏன் வந்தனர் என்பதை எனக்கு எந்த நூலும் விளக்க வேண்டியதில்லை. சம்பள நாளன்று கள்ளுக்கடை வாயிலில் என் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு தந்தையாருக்காகக் காத்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆதலால் மடலின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: “உன் மேலாளர் அருந்துபவர்தாமா? அவர் இல்லத்தார் அதை விரும்புவரா? முதலில் இதனை அறிந்துகொள்.” நான்கு நாளில் மறுமொழி வந்தது. மேலாளர் மதுவை விட்டு ஆறு ஆண்டுகளாயினவாம். மாணவர் ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்.