"மறுபடி பார்த்தியா?" – குழந்தைகளின் குடல்வால் நோயைக் கண்டறிந்த கதை

மலர்க் குழுத் தம்பி போன் செய்து, "சார், பழைய ஞாபகங்களை எல்லாரும் எழுதறாங்க. நீங்க கொஞ்சம் சரித்திரமா எழுதிக் கொடுங்களேன்" என்றார். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் அனாட்டமி வைவாவைப் பற்றியும் என் செட் நண்பர்கள் எழுதித் தள்ளிவிடுவார்கள் என்ற தைரியத்தில், நான் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஓர் உறுப்பைப் பற்றி எழுதுகிறேன். குடல்வால், அதாவது அப்பெண்டிக்ஸ். அது வீங்கிச் சீழ் பிடிப்பதைப் பெரியவர்களிடம் கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம். குழந்தைகளிடம் அது இன்றைக்கும் நம்மை ஏமாற்றுகிறது. மலரை நம் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் எளிமையாகவே சொல்கிறேன்.

சரித்திரத்தில் பதிவான முதல் குடல்வால் அறுவையே ஒரு சிறுவனுக்குத்தான் நடந்தது. 1735 டிசம்பர் 6. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை. பையனுக்கு 11 வயது. விரைப்பைக்குள் இறங்கிய குடலிறக்கம். தொடையில் ஆறாத புண், அதன் வழியே மலக் கசிவு. கிளாடியஸ் அம்யாண்ட் என்ற அறுவை மருத்துவர் திறந்து பார்த்தார். இறக்கத்துக்குள்ளே குடல்வால் இருந்தது. அதைத் துளைத்துக்கொண்டு, மேலே கல் படிந்த ஒரு குண்டூசி! பையன் எப்போதோ விழுங்கியது. மயக்க மருந்து 1846-ல்தான் வந்தது. ஆகவே அந்தப் பிள்ளை சுமார் அரை மணி நேரம் விழித்திருந்தே அத்தனையும் தாங்கினான், பிழைத்தும் விட்டான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்யாண்ட் இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கவில்லை. வேறொன்றுக்காகத் திறந்தார், இது கிடைத்தது.

அதற்குப் பிறகு 150 வருஷம், வலது அடிவயிற்றில் வந்த வலிக்கும் சீழுக்கும் பக்கத்திலிருந்த பெருங்குடலின் மேல்தான் பெரும்பாலோர் பழி போட்டார்கள். 1886-ல் பாஸ்டனைச் சேர்ந்த நோய்க்குறியியல் பேராசிரியர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், குடல்வால் ஓட்டையான 257 பேரின் விவரங்களைத் திரட்டி, குற்றவாளி குடல்வால்தான் என்று நிரூபித்தார். அப்பெண்டிசைடிஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. சீக்கிரம் கண்டுபிடியுங்கள், தேவையானால் உடனே அறுவை செய்யுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. 1889-ல் நியூயார்க்கில் சார்லஸ் மெக்பர்னி, ஒரே விரலால் அழுத்திப் பார்க்க வேண்டிய இடத்தைக் குறித்துக் கொடுத்தார். சிகாகோவின் ஜான் மர்ஃபி வரிசையைச் சொன்னார்: முதலில் வலி, பிறகு வாந்தி, அப்புறம்தான் காய்ச்சல். வாந்தி முந்திக்கொண்டால் வேறு நோயாக இருக்கலாம், யோசி என்று அர்த்தம்.

இத்தனை தெரிந்த பிறகும் காலம் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு சர் ஃபிரடெரிக் டிரீவ்ஸ் வீடே சாட்சி. 1902 ஜூன் 24-ல், முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, ஏழாம் எட்வர்ட் மன்னரின் குடல்வால் சீழைக் கீறி வடித்தவர் இவர். மன்னர் பிழைத்து ஆகஸ்ட் 9-ல் முடி சூடினார். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1900-ல், டிரீவ்ஸின் சொந்த மகள் 18 வயதில் இதே நோயில் குடல்வால் ஓட்டையாகி இறந்துபோயிருந்தாள்.

18 வயதுப் பெண்ணுக்கே இப்படி என்றால், வலி எங்கே என்று சொல்லத் தெரியாத நாலு வயதுக் குழந்தை என்ன செய்யும்? எங்கே வலிக்குது என்றால் தொப்புளைக் காட்டும். அதன் குடல்வால் சுவர் மெல்லியது. பெரியவர்களுக்குச் சீழைச் சுற்றி மூடி அணை போடும் கொழுப்புத் திரை, சின்னக் குழந்தைக்கு வளர்ந்திருக்காது. ஓட்டையானால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். குடல்வால் இடுப்புக் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தால் மலக்குடலை உறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேதி போகும். நாம் அதை வெறும் வயிற்றுப்போக்கு என்று எழுதிவிடுவோம். போதாக்குறைக்கு நிமோனியாவும் சிறுநீர்த் தொற்றும்கூடக் குழந்தைக்கு வயிற்றுவலியாக வரும். வீட்டில் விளக்கெண்ணெய் கொடுக்கும் பழக்கம் வேறு. நம்மூரில் மட்டுமல்ல, அமெரிக்க வீடுகளிலும் அதே விளக்கெண்ணெய்தான். வயிற்றுவலிக்குப் பேதி மருந்து கொடுக்காதீர்கள் என்று 1930-களில் பிலடெல்ஃபியா நகர மருத்துவர்கள் பிரசாரமே செய்ய வேண்டியிருந்தது.

இனி என் கதை. 1975, நான் ஹவுஸ் சர்ஜன். ஒரு ராத்திரி, கிராமத்திலிருந்து நாலு வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளாகக் காய்ச்சல், வாந்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேதி. நான் சீட்டில் வாந்திபேதி என்று எழுதி டிரிப் போட்டேன். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார், "ஐயா, புள்ள நேத்துலருந்து நிமிந்தே நடக்க மாட்டேங்குது. தூக்கினா கத்துது." நான், "பேதி போனா அப்படித்தாம்மா, சரியாயிடும்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

காலையில் சீஃப் வந்தார். சீட்டைப் பார்க்கவில்லை. முதலில் அந்த அம்மாவிடம் பேசினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். பையனின் கையையே எடுத்து அவன் வயிற்றில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து மெதுவாக அழுத்தினார். கண் மட்டும் பையனின் முகத்தில். வலது பக்கம் வந்ததும் முகம் சுருங்கியது.

"ராத்திரி எத்தனை மணிக்குப்பா பார்த்தே?"

"பதினொரு மணிக்கு சார்."

"மறுபடி பார்த்தியா?"

என்னிடம் பதில் இல்லை. தியேட்டரில் திறந்தபோது குடல்வால் ஓட்டையாகி இடுப்புக் குழி நிறையச் சீழ். பையன் 24 நாள் வார்டில் கிடந்து, பிழைத்து வீடு போனான். போகும்போது அந்த அம்மா என்னைப் பார்த்தும் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சீஃப் அவர்கள் எதிரில் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வராந்தாவில்தான் சொன்னார்: "வாந்திபேதின்னு எழுதினது பெரிய தப்பில்லேப்பா. எழுதிட்டு அத்தோட மூடி வெச்சியே, அதான் தப்பு."

அடுத்த வருஷமே, 1976-ல், ஸ்காட்லாந்தின் அபர்தீனிலிருந்து பீட்டர் ஜோன்ஸ் என்ற அறுவை மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதையே முறையாக எழுதினார். சந்தேகமான குழந்தையை உடனே அறுக்கவும் வேண்டாம், வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். வார்டில் வைத்துச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், நோய் தானே முகம் காட்டும் என்றார். பி.ஜி. படிக்கும்போது லைப்ரரியில் அதைப் படித்த எனக்குச் சீஃபின் குரலே கேட்டது.

பிறகு கருவிகள் வந்தன. 1986-ல் நெதர்லாந்தின் ஜூலியன் புய்லேர்ட், வயிற்றை மெல்ல அழுத்தி அல்ட்ராசவுண்டில் குடல்வாலைப் பார்க்கும் முறையைச் சொன்னார். கதிர்வீச்சு இல்லாததால் குழந்தைகளுக்கு இன்றும் அதுதான் முதல் ஸ்கேன். அதே வருஷம் ஆல்வராடோவின் மதிப்பெண் முறை வந்தது. 2002-ல் மதன் சாமுவேல் குழந்தைகளுக்கென்றே பத்து மதிப்பெண் கணக்கு கொடுத்தார். அதில் இருமினாலோ, குதித்தாலோ, தட்டினாலோ வலது அடிவயிற்றில் வலித்தால் இரண்டு மதிப்பெண். அந்தக் கணக்கும் 4 முதல் 15 வயதுப் பிள்ளைகளை வைத்துப் போட்டது. அதற்கும் சின்னக் குழந்தைக்கு நம் கண்ணும் கையும்தான் துணை.

எங்கள் காலத்துப் பாடம் எல்லாமே சரி என்று சொல்ல வரவில்லை. வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும், சர்ஜன் பார்க்கும்வரை கொடுக்காதே என்று படித்தோம். அதை நம்பி எத்தனையோ குழந்தைகளை மணிக்கணக்கில் அழவிட்டேன். 1990-களிலிருந்து பெரியவர்களிடமும் பிறகு குழந்தைகளிடமும் நடந்த ஆய்வுகள், அளவாக வலி மருந்து கொடுப்பதால் நோயறிதல் கெடுவதில்லை என்று காட்டிவிட்டன. வலி குறைந்த குழந்தை வயிற்றைத் தொடவும் விடும். இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேனில் குடல்வால் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தால், குடல்வாலில் நோய் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அம்மா சொல்வதை முழுக்கக் கேளுங்கள். எழுதிய பிறகும் போய்ப் பாருங்கள். வீட்டில் பேரன் பேத்தி வைத்திருக்கும் என் செட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன்: பிள்ளை குனிந்தே நடந்தால், குதிக்கச் சொன்னால் மறுத்தால், வலி சில மணி நேரத்தில் விடாமல் கூடிக்கொண்டே போனால், பேதி மருந்து கொடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். "ஒண்ணுமில்லே" என்று அவர் அனுப்பி, வலி நிற்காவிட்டால், கூச்சப்படாமல் திரும்பப் போங்கள்.

எங்கள் சீஃப் இன்று இல்லை. இந்த மலர் அவர் கைக்குப் போயிருந்தால், படித்துவிட்டு என்னிடம் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். அதனால் இதை அனுப்புமுன் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். மீதியைச் சந்திப்பு நாளில் நேரில் பேசலாம், வாருங்கள்.