யூதர் – சமாரியர் பகைமை: ஒரு வரலாற்று நோக்கு

‘நல்ல சமாரியன்’ என்னும் தொடர் இன்று இரக்கமுடையவன் என்னும் பொருளில் வழங்குகின்றது. சாலை விபத்தில் சிக்கியோர்க்கு உதவ முன்வருவோரைக் காக்கும் பிரிவை, 2019ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இப்பெயராலேயே சுட்டுகின்றது. ஆயின், லூக்கா நற்செய்தியில் இக்கதை இடம்பெறும் பகுதியில் ‘நல்ல’ என்னும் அடை இல்லை. முதன்முதல் கேட்டோர்க்கு ‘சமாரியன்’ என்பதோடு அந்த அடை ஒட்டியிருக்கவும் இயலாது. அடிபட்டவனுக்கு அயலானாக நடந்துகொண்டவன் யார் என இயேசு கேட்குமிடத்தில், சட்ட அறிஞன் ‘சமாரியன்’ என்று பெயர் சொல்லாமல் இரக்கம் காட்டியவன் என்றே விடையிறுக்கின்றான். நாவில் வர மறுக்கும் அளவுக்கு அப்பெயர் வெறுக்கப்பட்டது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சமாரியரின் தோற்றம் குறித்து இருவேறு வரலாறுகள் உள்ளன. யூத மரபின் வரலாறு அரசர்கள் இரண்டாம் நூலின் 17ஆம் அதிகாரத்தைச் சார்ந்தது. கி.மு. 722 அளவில் வடநாடாகிய இசுரயேலின் தலைநகர் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. மக்கள் நாடு கடத்தப்பட்டனர். பாபிலோன், கூத்தா, ஆமாத் முதலிய இடங்களிலிருந்து அயலவர் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டனர். சிங்கங்களுக்கு அஞ்சிய அவர்கள் இசுரயேலின் கடவுளையும் தம் தெய்வங்களையும் ஒருங்கே வழிபட்டனர் என்பது அதன் சாரம். பிற்கால யூத அறிஞர் சமாரியரைக் ‘கூத்தியர்’ என்று அழைத்தது இதனாலேயே. சமாரியர் கூறும் வரலாறு முற்றிலும் வேறானது. தாம் யோசேப்பின் மக்களாகிய எப்பிராயீம், மனாசே வழியினர் என்றும், ஏலி என்னும் குரு கெரிசீம் மலையை விட்டுச் சீலோவில் வேறொரு வழிபாட்டிடம் அமைத்தபோதே பிளவு நேர்ந்தது என்றும் அவர்கள் கூறுவர். தம் பெயருக்குத் திருச்சட்டத்தைக் ‘காப்போர்’ என்றே அவர்கள் பொருள் கொள்கின்றனர்.

ஒரு மக்களின் வரலாற்றை அவர்தம் எதிரிகளின் நூலைக் கொண்டு மட்டும் எழுதுதல் முறையன்று. எனினும் நெடுங்காலம் அவ்வாறே எழுதப்பட்டது. இரண்டாம் சார்கோனின் கல்வெட்டுகள் நாடு கடத்தப்பட்டோர் தொகையை 27,000க்குச் சற்று மிகுதியாகவே தருகின்றன. இத்தொகை வடநாட்டு மக்கள் அனைவரையும் உள்ளடக்கியதாக இருக்க முடியாது. விவிலியத்துக்குள்ளேயே இதற்கு வேறு சான்றுண்டு. எருசலேம் கோயில் அழிந்த பின்னரும் சீகேம், சீலோ, சமாரியா ஆகிய ஊர்களிலிருந்து எண்பது பேர் காணிக்கையோடு ஆண்டவரின் இல்லத்துக்கு வந்ததை எரேமியா நூல் பதிவு செய்கின்றது. அயல்தெய்வ வழிபாட்டினர் இடிந்த கோயிலை நாடி வருவரோ?

பாரசீகர் காலத்தில் பூசல் அரசியல் வடிவம் பெறுகின்றது. கோயிலை மீண்டும் எழுப்ப உதவ முன்வந்த வடபுலத்தாரைச் செருபாபேல் ஏற்க மறுத்ததை எஸ்றா நூல் கூறுகின்றது. கி.மு. 445இல் எருசலேமின் மதிலைக் கட்ட வந்த நெகேமியாவுக்குச் சன்பல்லாத் பெரும்பகைவனாகக் காட்டப்படுகின்றான். எகிப்தின் எலிபாண்டைன் தீவிலிருந்து கிடைத்த, கி.மு. 407ஆம் ஆண்டின் அரமேய மடல் இவனைச் சமாரியாவின் ஆளுநன் எனச் சுட்டி, இவனுடைய புதல்வர் தெலாயா, செலேமியா ஆகியோரையும் குறிக்கின்றது. இவ்விரு பெயர்களும் இசுரயேலின் கடவுட்பெயரை ஈறாகக் கொண்டவை என்பது கருதத்தக்கது. அன்றியும், தம் கோயில் இடிக்கப்பட்ட அத்தீவின் யூதர் எருசலேமுக்கும் சமாரியாவுக்கும் ஒருசேர முறையிட்டுள்ளனர். தலைமைக் குருவின் குடும்பத்தான் ஒருவன் சன்பல்லாத்தின் மருமகனாயிருந்தான் என்றும், அவனைத் தாம் விரட்டியதாகவும் நெகேமியாவே எழுதுகின்றார். மணவுறவு கொள்ளும் அண்மையில் இருந்தவர்களே பகைத்தனர் என்பது இதனால் புலனாகும்.

கெரிசீம் மலைக் கோயில் அலெக்சாந்தர் காலத்தில் எழுந்தது என்பர் வரலாற்றாசிரியர் யோசேப்பசு. 1982 முதல் இட்சாக் மாகன் அங்கு நிகழ்த்திய அகழாய்வோ அதன் முதற்கட்டத்தைக் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுசெல்கின்றது. அஃதாவது, எருசலேமில் நெகேமியா மதில் எழுப்பிய காலத்தை ஒட்டியே மறுபுறம் கோயில் எழுந்துள்ளது.

இரண்டு கோயில்கள் இருந்தமை மட்டுமே உறவை முறித்துவிடவில்லை. யூத ஆட்சித்தலைவனும் தலைமைக் குருவுமாகிய யோவான் இர்க்கான் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கெரிசீம் கோயிலை அழித்தான். நாணயச் சான்றுகள் இந்நிகழ்வைக் கி.மு. 110 அளவில் வைக்கின்றன. மீளமுடியாத பிளவு இதுவே என்பது என் கருத்து. இதற்கு முன்னரே தீலோசுத் தீவில் வாழ்ந்த சமாரியர் பொறித்த கிரேக்கக் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அவற்றில் அவர்கள் தம்மை ‘இசுரயேலர்’ என்றே குறித்து, கெரிசீமுக்குக் காணிக்கை அனுப்புவோர் எனவும் கூறிக்கொள்கின்றனர்.

நூல் வேறுபாடும் இங்கு நோக்கத்தக்கது. சமாரியர் ஐந்நூலை மட்டுமே ஏற்பர். அவர்தம் பாடத்தில் பத்துக் கட்டளைகளுள் ஒன்றாகவே கெரிசீமில் பலிபீடம் எழுப்பும் ஆணை இடம்பெறுகின்றது. கடவுள் ‘தெரிந்துகொள்ளப்போகும்’ இடம் என்று யூத பாடம் கூறுமிடங்களில் ‘தெரிந்துகொண்ட’ இடம் என்று இப்பாடம் உள்ளது. ஒரு வினைமுடிபின் காலம் இரண்டு மலைகளுக்கு இடையே வழக்கைத் தீர்க்கின்றது; பாடவேறுபாட்டின் ஆற்றலைச் சுவடிப் பதிப்பில் பழகியோர் எளிதில் உணர்வர். இவற்றைச் சமாரியரின் திரிபு என்று தள்ளிவிட இயலாது. கும்ரானில் கிடைத்த விடுதலைப்பயணச் சுவடியொன்று, கெரிசீம் கட்டளை நீங்கலாக, இப்பாடத்தின் விரிவுகளைப் பெரிதும் ஒத்துள்ளது. இணைச்சட்டம் 27:4இல் யூத பாடம் ஏபால் என்று சொல்லுமிடத்தில் பழைய இலத்தீன் பெயர்ப்பொன்றும் கெரிசீம் என்றே கூறுகின்றது. ஆகவே எப்பக்கம் திருத்தியது என்பது இடத்துக்கு இடம் தனித்தனியே ஆராயத்தக்கது.

கி.பி. முதல் நூற்றாண்டில் பகைமை குருதி சிந்தியது. உரோம ஆளுநன் கொப்போனியுவின் காலத்தில், பாஸ்கா விழாவின்போது சமாரியர் சிலர் எருசலேம் கோயிலில் மனித எலும்புகளை வீசித் தீட்டுப்படுத்தினர் என்கின்றார் யோசேப்பசு. கி.பி. 52ஐ ஒட்டி, விழாவுக்குச் சென்ற கலிலேயர் சமாரியப் பகுதியில் கொல்லப்பட, யூதர் திரண்டு சமாரியச் சிற்றூர்களை எரித்தனர். வழக்குப் பேரரசன் கிளாடியசு வரை சென்றது. ஆளுநன் குமானு நாடு கடத்தப்பட்டான். உரோமரின் வாள் இருசாராரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. கி.பி. 67இல் கெரிசீமில் திரண்ட சமாரியருள் 11,600 பேரை வெசுபாசியானின் படை கொன்றதாக யோசேப்பசு கணக்கிடுகின்றார்.

இதன் பின்னரும் யூத அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மிசுனாவில் ஓரிடம் சமாரியரின் அப்பத்தைப் பன்றியிறைச்சிக்கு ஒப்பிடும் கூற்றைத் தருகின்றது. புதுமாதப் பிறையை அறிவிக்க மலைதோறும் ஏற்றிய தீயைச் சமாரியர் போலியாக ஏற்றிக் குழப்பியதால் தூதரை அனுப்பும் வழக்கம் வந்தது என்கின்றது மற்றோரிடம். வேறோரிடமோ, உணவுக்குப் பின் கூடி நன்றி கூறத் தேவைப்படும் மூவருள் ஒருவனாகச் சமாரியனையும் எண்ணிக்கொள்ள இசைகின்றது. கூத்தியர் பற்றிய சிறுநூல், அவர்களை எப்போது ஏற்பது என்னும் வினாவோடு முடிகின்றது. அவர்கள் கெரிசீமைக் கைவிட்டு, எருசலேமையும் இறந்தோர் உயிர்த்தெழுதலையும் ஏற்கும்போது என்பதே அது தரும் விடை. கூத்தாவிலிருந்து வந்த குருதி பற்றி அவ்விடையில் ஒரு சொல்லும் இல்லை.