அவகேடோவின் தரம் மரத்திலேயே முடிவாகிறது

நல்ல விலை கொடுத்து அவகேடோ வாங்குகிறோம். நான்கு நாள் வைத்திருந்து அறுத்தால் சில நேரம் ரப்பர் போல இருக்கிறது. சில நேரம் தோல் நன்றாக இருந்தும் உள்ளே சதை கறுத்துக் கிடக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன், தமிழகத்தில் பட்டர் ஃப்ரூட் என்றும் இலங்கையில் ஆனைக்கொய்யா என்றும் அழைக்கப்படும் இப்பழத்தின் இயல்பை அறிந்துகொள்வது நல்லது. அதன் தரத்தைப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, பறிக்கும் பருவம். அவகேடோ மரத்தில் முற்றுமே தவிர, அங்கேயே கனியாது. பறித்த பிறகுதான் எத்திலீன் வாயு சுரந்து மென்மையாகும். காய் முற்ற முற்ற நீர் குறைந்து எண்ணெய் கூடும். வெண்ணெய் போன்ற சுவைக்கு அந்த எண்ணெயே காரணம். முற்றாமல் பறித்த காய் சரியாகப் பழுக்காமல் சுருங்கிவிடும், சாப்பிட்டால் சப்பென்றிருக்கும். அளவுக்கு மீறி மரத்தில் விட்டாலோ, பறித்ததும் சீக்கிரம் கனிந்து கெட்டுவிடும்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் அளந்தே முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், காயில் குறைந்தது 8 சதவீதம் எண்ணெய் இருக்க வேண்டும் என்ற விதி 1925இல் வந்தது. பின்னர் சதையை உலர்த்தி எடை பார்க்கும் எளிய முறைக்கு மாறினார்கள். அங்கு 'ஹாஸ்' ரகத்தில் 100 கிராம் சதையை உலர்த்தினால் குறைந்தது 20.8 கிராம் மிஞ்ச வேண்டும்.

இரண்டாவது, தாதுச்சத்து. இதில் கால்சியத்துக்கே முக்கிய இடம். அது செல் சுவர்களை உறுதியாக வைத்திருக்கும். கால்சியம் போதிய அளவில் உள்ள பழம் நிதானமாகப் பழுக்கும். அழுகலும் உள்கறுப்பும் குறையும். வேர் உறிஞ்சும் நீரோடு செல்லும் கால்சியத்தில் பெரும்பங்கை இலைகளே இழுத்துக்கொள்கின்றன. பிஞ்சுப் பருவத்தில்தான் காய்க்கு அதிகம் கிடைக்கிறது. அந்நேரத்தில் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் தளிர்கள் செழித்து, காயின் பங்கு குறைந்துபோகும். மரம் பசுமையாக நிற்பதை மட்டும் வைத்துப் பழமும் தரமானது என்று சொல்லிவிட முடியாது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில. காம்புப் பக்கம் சுருங்கிய காயைத் தவிர்க்கலாம். கெட்டியான காயை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது; கடுங்குளிரில் சதை சாம்பல் நிறமாகிவிடும். வாழைப்பழத்தோடு காகிதப் பையில் வைத்தால் விரைவில் பழுக்கும். மெதுவாக அழுத்தும்போது லேசாக நெகிழ்ந்தால் பழுத்துவிட்டது. அதன் பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் சாப்பிட்டுவிடலாம்.