தடை பண்ணின மாத்திரையும் சித்தப்பாவும்

போன ஞாயிறு, ஸ்ரீரங்கம் சித்தப்பா வீட்டுத் திண்ணை. "ஏண்டா, தாலிடோமைடு சாப்பிட்டுத்தானே அந்தக் காலத்துல குழந்தைங்க கை கால் இல்லாம பிறந்துச்சு? அதோட தம்பியையா எனக்கு எழுதியிருக்காங்க?"ன்னார்.

அவருக்கு மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். மூணு வருஷம் அடங்கிக் கிடந்துட்டு திரும்பிடுச்சு.

கதையைச் சொன்னேன். ரொம்ப வருஷம் மெல்ஃபலானும் ஸ்டீராய்டும்தான் கதி. 1961-ல் ஜெர்மனியில் விற்பனையை நிறுத்தின தாலிடோமைடை மைலோமாவுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. 1999-ல் சீமா சிங்காலும் குழுவினரும் எழுதின ஆய்வுல, வேற மருந்து கைவிட்ட 84 பேர்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்குப் பலன்! அப்புறம் அமெரிக்காவுல வரிசையா அனுமதி: 2003-ல் போர்டிசோமிப், 2006-ல் லெனலிடோமைடு, 2013-ல் பொமாலிடோமைடு, 2015-ல் டாராடுமுமாப்.

சித்தப்பாவுக்கு லெனலிடோமைடு சாப்பிடும்போதே நோய் திரும்பிடுச்சு. அதனால அதையே நீட்டிக்கிறது வீண். போர்டிசோமிப்ல பாதம் மரத்துப்போச்சு, அதுவும் வேண்டாம். டாராடுமுமாப் ஊசி நல்லதுதான், ஆனா விலை? "வீட்டை வித்துப் போட்டுக்க மாட்டேன்"னுட்டார். மிச்சம் பொமாலிடோமைடு. லெனலிடோமைடு தோத்த இடத்துலயும் சிலருக்குக் கேட்கும். திருச்சி டாக்டர் எழுதினதும் அதான்.

"சரி, சொர்க்கவாசலுக்கு இந்த வருஷமும் நடந்தே போகணும்"னார். எனக்குப் பேச்சே வரலை.

பழைய சீட்டு, ரிசல்ட் எல்லாம் பத்திரம் மக்களே. அடுத்த மருந்து எதுன்னு சொல்றதே அதுங்கதான்.